முற்றம் கூட்டும் நேரம்

செல்வநாயகி ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்பதை உரும்பிராயில் அவள் வீட்டு முற்றத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேரும்வரை அவள் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். கூட்டினால் போனவர் திரும்பி வரமாட்டார் என்ற பயம்.

கணவர் தியாகராசா சந்தைக்கு மட்டும் போய்வந்த காலத்தில் அது தொல்லையாக இருக்கவில்லை. ஒரே மகள் தர்சிகா பொறியியலாளராகி லண்டன் போனபிறகுதான் முற்றத்தில் குப்பை சேர்ந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வண்டியில் எட்டு மணித்தியாலம். அங்கே காத்திருப்பு மூன்று. பறப்பு பதினொன்று. ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் மாவிலைச் சருகு ஒரு முழுநாள் கிடந்தது.

"எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். அவ்வளவு தூரத்துக்கு உம்மடை விளக்குமாறு எட்டுமோ?" என்று தியாகராசா நக்கலடிப்பார்.

"பிளேனை மேலை பிடிச்சு வச்சிருக்கிறது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"உம்மடை மகளிட்டைக் கேளும். எஞ்சினியர் அவள்தானே."

"கேட்டனான். அவள் சொன்னது விளங்கேல்லை. அதுதான் கூட்டேல்லை."

ஒருமுறை பனிப்புயலில் விமானம் வேறு நாட்டில் இறங்கியது. தர்சிகா வீடு சேர இன்னொரு நாள் பிடித்தது. பக்கத்து வீட்டு உதயகலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, குப்பை வளர்க்கிறியளோ?"

செல்வநாயகி அசையவில்லை.

பங்குனியில் அவள் தோட்டத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி சேரமுன்னரே முடிந்துவிட்டது. தர்சிகா அதே வழியால் திரும்பி வந்தாள். காற்று பின்னாலிருந்து வீசியதால் பறப்பு முக்கால் மணித்தியாலம் குறைவு. எத்தனை மணிக்குச் சேருவாய் என்று கேட்க ஆளில்லை.

பிரேதம் படலை தாண்டியதும் ஆண்கள் பறைமேளத்தின் பின்னால் நடந்தார்கள். பெண்கள் உடனே வீட்டையும் முற்றத்தையும் கூட்டிக் கழுவ வேண்டும். உதயகலா விளக்குமாற்றோடு வந்தாள்.

"பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்."

"வேண்டாம் மாமி."

"என்ன வேண்டாம்? செத்தவீட்டை இப்பிடியே விடக்கூடாது."

"அம்மா இன்னும் போய்ச் சேரேல்லை."

உதயகலாவின் குரல் தணிந்தது. "அவ திரும்பி வரக்கூடாதெண்டுதானே பிள்ளை கூட்டுறது."

தர்சிகா விளக்குமாற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். வாளித் தண்ணீரில் வேப்பம்பூ விழுந்தது. சுடலை இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. மேளச் சத்தம் தேய்ந்து, பிறகு கேட்கவேயில்லை.

தெரியாத எண்ணிலிருந்து போன் அடித்தது. மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைக்கப் போனவர் தியாகராசாதான். யாரிடமோ போன் வாங்கியிருக்கிறார்.

"பிள்ளை."

"ஓம் அப்பா."



"கொம்மா போய்ச் சேர்ந்திட்டா. இனிக் கூட்டு."

தர்சிகா எழுந்தாள். உதயகலா கை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. ஒரு மூலையும் விடாமல் தானே கூட்டினாள்.