மூச்சு வாங்காத கேன்காரர்

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்களில் தோளில் தண்ணீர் கேன் சுமந்து ஏறுவது அவர் வேலை. படி ஏறும்போதுதான் மனைவியோடு போனில் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச்சைவிட மூச்சுதான் அதிகம் கேட்கும். அதை வைத்தே அவள், "இப்போ மூணாவது மாடிதானே?" என்று அச்சுப்பிசகாமல் சொல்லிவிடுவாள்.

ஒரு வருஷம் ஏறி இறங்கியதில் உடம்பு வேலையைக் கற்றுக்கொண்டது. நாய் மாதிரி இரைத்தவர், வயிறு நிறைய இழுத்து நிதானமாக விட ஆரம்பித்தார். கிடைத்த காற்றில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தக் கால்களுக்கும் தெரிந்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

"மூச்சே வாங்கல. எந்த டீக்கடையில உக்காந்து அரட்டை அடிக்கிறீங்க?"

"அடி பைத்தியமே, நாலாவது மாடியில நிக்கறேன்!"

"யார் காதுல பூ சுத்தறீங்க?"

சண்டை வேண்டாமே என்று ஒருநாள் வேண்டுமென்றே இரைத்துக் காட்டினார். "இந்த நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம்" என்றாள்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்க அவளே வந்துவிட்டாள். அவர் கேனோடு முன்னால் ஏற, அவள் வெறுங்கையோடு பின்னால் ஏறினாள். ஐந்தாவது மாடியில் கேனை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஆளைக் காணோம். போன் போட்டார். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. துருத்தி ஊதுகிற மாதிரி புஸ் புஸ்ஸென்று சத்தம்தான் வந்தது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ரெண்டாவது மாடிதானே?"