கணக்கு மாஸ்டர் அழித்த ஒரு வரி

என் மேசை இழுப்பறையில் ஓர் அழிப்பான் கிடக்கிறது. சாம்பல் நிறம், தீப்பெட்டியில் பாதி அளவு. ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்கும், மற்ற மூன்றும் கடையில் வாங்கிய அன்று போலவே கூராக இருக்கும். நாள்பட்டுக் கல்லாய் இறுகிவிட்டது. இப்போது அதை வைத்துத் தேய்த்தால் எழுத்து போகாது, தாள்தான் கிழியும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள், "இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்கலா" என்பார்கள். நான் இழுப்பறையை மூடிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். போன மாதம் மலாக்காவை ஒட்டிய ஆயர் கெரோவில் ஒரு ஹோட்டலில் ஆசிரியர் பயிலரங்கு நடந்தது. பழைய ஆசிரியை என்று என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இடைநிலைப் பள்ளி மாணவர்களின் தேர்ச்சியை உயர்த்த ஆராய்ச்சி காட்டும் வழிகள் என்று ஓர் இளம் விரிவுரையாளர் திரையில் போட்டுக் காட்டினார். அடிக்கடி சின்னச் சின்னச் சோதனை வையுங்கள், பழைய பாடத்தை நாள் விட்டு நாள் கிளறுங்கள், தவறை மறைக்க விடாதீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடேய் தம்பி, இதையெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சியில், காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்திலேயே ஒரு மனிதர் செய்து பார்த்துவிட்டார். அதில் அவர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சின்னப் பட்டணம். அங்கே இருந்த ஆங்கிலப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வட்டாரத்தை இன்னும் கம்யூனிஸ்ட் தொல்லை இல்லாத வெள்ளைப் பகுதியாக அறிவிக்காத காலம். சாலையில் இரும்புத் தகடு போர்த்திய லாரிகள் போகும். கடையில் டின் பால் வாங்கினால் முதலாளி அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் கித்தா மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். சாலையிலும் பஸ்ஸிலும் அதே சட்டம்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் இடுப்பில் அரிசி முடிந்திருந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் அவன் குடும்பத்தையே இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

கணக்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைக் காற்சட்டை, கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. லண்டனிலிருந்து அவருக்குத் தபாலில் ஏதோ கல்விப் பத்திரிகை வரும். அதில் படித்ததை அப்படியே நம்பவும் மாட்டார், ஒதுக்கவும் மாட்டார். "அங்க சரி வந்தது இஞ்சயும் வருமோ, பார்ப்பம்" என்று சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதி வகுப்பில் செய்து பார்ப்பார். தினமும் வகுப்பு தொடங்கியதும் ஐந்து கேள்வி. இரண்டு நேற்றைய பாடத்தில், இரண்டு போன வாரத்தில், ஒன்று போன மாதத்தில். மார்க்கைச் சத்தமாகப் படிக்க மாட்டார், அடிக்கவும் மாட்டார். ஒன்றே ஒன்றுக்குத்தான் கோபம் வரும், யாராவது தப்பான விடையை அழித்தால். ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுத வேண்டும், தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார். தவணை முதல் நாளே எல்லாருடைய அழிப்பான்களையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். அவரிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம், பக்கங்களுக்கு எண், எல்லாம் பென்சிலில். அதில் அவரும் எதையும் அழித்ததில்லை.

அந்த நோட்டில்தான் ஒரு புதிர் கிளம்பியது. தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ஐந்து பேர். காலைச் சோதனையில் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. இடைவேளைக்குப் பிறகு அதே மாதிரி ஐந்து கேள்வி கொடுத்தால் ஐவரும் ஒன்றாகச் சரிவார்கள். மாஸ்டர் அவர்களை ஜன்னலோரம் மாற்றினார், கேள்வியை மாற்றினார், ஒரு வாரம் பாடவேளையையே மாற்றிப் பார்த்தார். இடைவேளையில் அந்த ஐந்து பேரும் பின்பக்கத்துக் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பதை நான் தினமும் பார்த்திருந்தேன். அவரிடம் சொன்னேன். தண்ணீர் குடித்தால் கணக்கு எப்படிக் குறையும் என்று கேட்டார் அந்த மகானுபாவர். எனக்குச் சுர்ரென்று வந்தது. "மாஸ்டர், கேட்டில் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். அதுகளுக்குப் பசி" என்று கத்தியே விட்டேன். அவர் நோட்டில் ரொட்டி என்று ஒரு புதுக் கட்டம் வரைந்தார். மறுநாளிலிருந்து ரொட்டிக்காரரின் சைக்கிள் பள்ளி வாசலில் நின்றது. ஆளுக்கு இரண்டு துண்டு, மேலே கெட்டிப் பால். வாங்கித் தருவது அவர், இடைவேளையில் கையில் கொடுப்பது என் வேலை.

ஒரே வாரத்தில் நாலு பேர் மார்க்கில் ஏறினார்கள். மாஸ்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடி வந்ததை இன்னும் மறக்கவில்லை. ஐந்தாமவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். அப்பா இல்லை, அம்மா மரம் வெட்டுகிறவள், எட்டு வயதில் ஒரு தம்பி. அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவள் தேறினால் அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தேறிய முதல் ஆள். நான் அவளைக் கூப்பிட்டு, கவனமெல்லாம் எங்கே போகிறது என்று திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மூன்றாவது வாரம் மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். அவளுடைய ஜியோமெட்ரி பெட்டியில் காம்பஸ் இல்லையாம், ரொட்டித் தூள் இருந்ததாம். ரொட்டியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறாள் என்று புரிந்தது. இப்போதே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன்.

"பொறுங்கோ டீச்சர். நீங்கள் கேளாதேங்கோ. கேட்டால் பிள்ளை மாத்திச் செய்யும், பிறகு கணக்குக் குழம்பிப் போகும். இன்னும் ஒரு கிழமை பார்ப்பம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைவிடப் படித்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் பஸ் கண்டக்டர் மூச்சிரைக்கப் பள்ளிக்குள் வந்தார்.

"டீச்சர், உங்க பிள்ளைய ரோட்டுல செக் பண்ற எடத்துல எறக்கிட்டாங்க. பெட்டிக்குள்ள ரொட்டி இருந்திச்சிலா. ஸ்டேசனுக்குக் கொண்டு போயிட்டாங்க."

தலைமையாசிரியர் நல்ல மனிதர், அவசரக்காரர். ரொட்டி பள்ளியில் கொடுத்ததுதான், அதற்குப் பதிவு நோட்டே இருக்கிறது என்று போலீஸுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டார். அந்த நோட்டைக் கொண்டு வா என்று உத்தரவு வந்துவிட்டது. மாஸ்டர் நோட்டைத் திறந்தார்.  அவள் பெயருக்கு நேரே ஓரத்தில் ஆங்கிலத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்: ரொட்டியை வீட்டுக்குக் கொண்டு போகிறாள் போலும், பல நாட்களாக, இன்னும் ஒரு வாரம் கவனிக்கவும். ஒரு நாள், தெரியாத்தனமாக, என்றால் சிறுபிள்ளை என்று விடக்கூடும். பல நாட்களாக என்றால் அவளும் அவள் அம்மாவும் தம்பியும் தொலைந்தார்கள். பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கிறது. நோட்டைக் கொண்டுபோகாமலும் இருக்க முடியாது.  மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடி இறுகியிருந்தது, நகத்தால் நெம்பினார். உள்ளே நாற்பது அழிப்பான்கள். கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்தார்.

"டீச்சர், அங்கால பாருங்கோ" என்றார்.

நான் திரும்பவில்லை. அவர் அழிக்கப் பழகாதவர். ஒரே மூலையை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தாள் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேசையில் கிடந்த தூளை ஊதியது நான்தான்.

போலீஸ் நிலையத்தில் அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஜியோமெட்ரி பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே காய்ந்துபோன இரண்டு துண்டு ரொட்டி, ஓரத்தில் எறும்பு. அதிகாரி சின்ன வயது வெள்ளைக்காரர், ஆனால் ஏமாளி இல்லை. நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன், ஊரடங்குக்குத் தோட்டத்துக் கேட் மூட ஒரு மணி நேரம்கூட இல்லை. அவர் விரல் அந்த இடத்தில் வந்து நின்றது. இங்கே எதையோ அழித்திருக்கிறீர்களே, என்ன அது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாஸ்டர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டலில் தவறு செய்துவிட்டேன், அதை அழித்தேன் என்றார். இருபது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார். ரொட்டி கொடுப்பது நீதானே, மற்ற நாட்களில் இவள் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தாயா?

பார்த்தேன் என்றேன். தினமுமா என்றார். தினமும் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ரொட்டிக் கட்டத்தில் மூன்று வாரமும் வரிசையாக டிக், ரொட்டி கொடுத்ததற்கு மாஸ்டர் போட்டது. அவருக்கு அது சாப்பிட்டதற்கான அடையாளம். பக்கத்துக் கட்டத்திலிருந்த மார்க்குகள் அவள் ஒரு நாளும் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன, அதைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பெட்டியைப் படாரென்று மூடி, அடுத்த முறை பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்க மாட்டேன் என்று சொல்லி அவளைப் போகச் சொன்னார்.

வாசலில் தலைமையாசிரியரின் கார் காத்திருந்தது. படியிறங்கும்போது மாஸ்டர் அவளிடம் கேட்டார். அவள் பதிலை நான் ஒரு படி மேலே நின்று கேட்டேன்.

"எத்தினை நாளாய் பிள்ளை?"

"மொத நாள்லேருந்து சார். காட்டுல உள்ளவங்க லாரிய கொளுத்துனதுக்கு தண்டனையா எங்க தோட்டத்துல அரிசிய பாதியா கொறச்சிட்டாங்க. தம்பி பசி தாங்க மாட்டான்."

"ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். அவளை ஏற்றிக்கொண்டு கார் போன பிறகும் மாஸ்டர் படியிலேயே நின்றார். பிறகு மழையும் வெயிலும் இல்லாத அந்தியில் குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார்.

மறுநாள் காலை ஐந்து கேள்விக்கு முன்னால் பெஞ்சு பெஞ்சாகப் போனார். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டார். தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் டிரஸர் அவருடைய ஊர்க்காரர். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதும் அந்தத் தம்பிக்கு மருத்துவமனையிலிருந்து தினமும் பாலும் ஒரு வேளைக் கஞ்சியும் கிடைத்தது. மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும். அவள் எங்கள் எதிரிலேயே ரொட்டியைச் சாப்பிட்டாள். மார்க் ஏறியது. மாஸ்டர் எதிர்பார்த்த மாதிரியேதான் ஏறியது, ஆனால் இந்த முறை அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவில்லை. அவள் தேறினாள், இரண்டாம் வகுப்பில். சிரம்பானில் வேலைக்குப் போய் இரண்டு கடிதம் எழுதினாள், அப்புறம் நின்றுவிட்டது.

ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பியபோது மாஸ்டர் டின்னை என்னிடம் கொடுத்து, உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கோ என்றார். உரியவர்கள் எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்தேன். நோட்டை அவர் கொடுக்கவில்லை, ஒருமுறை புரட்டிப் பார்க்க விட்டார். அந்தத் தேய்ந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து, மார்க்குக்கு முன்னால் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. தலைப்பு, கேட்டேனா. டிக்கும் பெருக்கல் குறியும் பிள்ளைகளுக்கு இல்லை, அவருக்கே அவர் போட்டுக்கொண்டது. பெருக்கல் போட்டிருந்த நாட்களும் உண்டு, அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்.

ஆயர் கெரோவில் பேச்சு முடிந்ததும் அந்த இளைஞர் மைக்கை என்னிடம் நீட்டி, மூத்தவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். எழுந்து நின்றேன். போலீஸில் பொய் சொன்ன கதையைப் பொன்னாடையோடு எப்படிச் சொல்வது? "காலையில் முதலில் பிள்ளைகளைச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். பாவம், வயதானவர், பாசமாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நன்றாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து இந்த அழிப்பானை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பொறுத்துப் பார்ப்போம் என்று எழுதியது அவர், அதை அழித்ததும் அவர். ஆனால் மூன்று வாரம் தினமும் அந்த ரொட்டியை அவள் கையில் வைத்தவள் நான். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவளும் நான்தான். நானும் கேட்கவில்லை.