தையல் மெஷினை எடுக்கப் போன சனிக்கிழமை

ஒட்டிலி ரீடோவுக்கு இடது பக்கத்தில் இரண்டு பற்கள் கிடையாது. யாராவது கேட்டால் ஒளிக்க மாட்டாள். "புருஷன் தட்டினது," என்பாள், பால் விலை சொல்வதுபோல.

ஃப்ரீபூர் நகரின் கீழ்த்தெருக்களில், ஆற்றை ஒட்டிய நெருக்கத்தில் பிறந்தவள். அங்கே ஒரு பேச்சு பிரெஞ்சில் கிளம்பி ஜெர்மனில் போய் முடியும். அவள் கட்டிக்கொண்ட ஃபிர்மன் டூஸ் மட்டும் மேட்டுத்தெருக்காரன், இறைச்சிக்கடையில் வெட்டுபவன். ஜெர்மன் என்பது மாட்டுத்தொழுவப் பேச்சு என்பது அவன் கட்சி. வீட்டுக்குள் அவள் வாயிலிருந்து ஒரு ஜெர்மன் சொல் நழுவினால் அறை விழும். முதல் வருடம் கையால் அடித்தான், அப்புறம் பெல்ட்டால். ஐந்தாம் வருடம், உருளைக்கிழங்குக்குத் தன் அம்மா சொல்லும் பெயரை அவள் சொல்லிவிட்டாள். மேசை விளிம்பில் அவள் மணிக்கட்டை வைத்து அழுத்தி ஒடித்தான். பல் போனதும் அந்த வாரம்தான்.

கையில் மாவுக்கட்டோடு ரயிலேறி பெர்னுக்குப் போனவள், கை கூடியதும் ஓர் ஓட்டலில் துணி துவைக்கச் சேர்ந்தாள். எட்டு மாதம் கழித்து, 1958 நவம்பர் கடைசியில் ஹெட்விக்கிடமிருந்து கடிதம் வந்தது. ஹெட்விக் எதிர்க்கதவு வீட்டுக்காரி. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவள். ஐந்து வருடமாக அடிச் சத்தம் கேட்டும் கதவைத் திறக்காதவள்.

"ஃபிர்மன் உன் தையல் மெஷினை விக்கப் பாக்குறான். என் வீட்ல சட்டம் படிக்கிறவர் ஒருத்தர் இருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது உன்னோடதுதான்னு சொல்றார். சனிக்கிழமை புனித நிக்கலஸ் திருவிழா ஊர்வலம், அவன் மேட்டுத்தெருவுல குடிச்சுட்டு நிப்பான். சாவி இன்னும் வச்சிருக்கேல்ல? வா."

அந்தச் சனிக்கிழமை ரயிலில் நிற்க இடமில்லை. பெட்டியில் பாதிப்பேர் ஊரை ஃப்ரைபுர்க் என்றார்கள், மீதிப்பேர் ஃப்ரீபூர் என்றார்கள். எல்லோரும் ஊர்வலத்துக்குத்தான். ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் தேவாலயப் பக்கம் போக, ஒட்டிலி மட்டும் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தெருவுக்கு இறங்கினாள்.

வீட்டில் ஆளில்லை. மெஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டித் தூக்கினாள். தூக்கிய மணிக்கட்டு நொந்தது. மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் கீழ்க்கதவு திறந்தது.

"திருட வந்தியா?" என்றான் ஃபிர்மன், பிரெஞ்சில். குடித்திருந்தான், ஆனால் தடுமாறவில்லை.

"என்னோடத எடுத்துட்டுப் போறேன். வழி விடு," என்றாள் ஜெர்மனில். வேண்டுமென்றேதான்.

இரண்டே எட்டில் ஏறி வந்து அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். காதுக்கு மேல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி மோதினான். பிறகு கழுத்தில் கை வந்தது. மாட்டைப் பிடித்துப் பழகிய கை. அவளுக்குக் கண் இருட்டியது. பெட்டியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவன் முழங்காலின் மேல் தள்ளிவிட்டாள். எலும்பு நொறுங்குவது இருவருக்கும் கேட்டது. அவன் பெட்டியோடு படியில் உருண்டு போனான். விழுந்தவன் அப்படியும் கையை நீட்டி, இறங்கி வந்தவளின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் குப்புற விழுந்து அவன் கையைக் கடித்தாள். அப்படியும் அவன் பிடியை விடவில்லை.

ஹெட்விக்கின் கதவு திறந்தது. கையில் கரி அள்ளும் இரும்பு முறம். இறங்கி வந்து அவன் தோளில் போட்டாள் ஒரு போடு. அப்புறம் இன்னொன்று.

"போதும், செத்துருவான்," என்றாள் ஒட்டிலி.

"சாகட்டும். நீ பெட்டியை எடு."

மேலிருந்து இறங்கும் பெட்டியில் சாக்கடைத் தண்ணீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் கம்பி இழுக்க ஏறும் மேட்டு வண்டியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரில் இருந்தவர் கைக்குட்டையை நீட்டினார். எந்த மொழியிலும் எதுவும் கேட்கவில்லை.

ஃபிர்மன் வழக்குப் போட்டான். பிப்ரவரியில் விசாரணை. எந்த மொழியில் சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"எது முதல்ல வாயில வருதோ அதுலங்க," என்றாள் ஒட்டிலி. கீழ்த்தெருக் கலவையில் அவள் சொல்லச் சொல்ல, வாக்குமூலம் எழுதுகிறவர் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் ஹெட்விக் எழுந்து நின்றாள்.

"அஞ்சு வருஷமா நான் கேட்டேங்க. கேட்டுட்டு ரேடியோவைச் சத்தமா வச்சுக்கிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

உயிரைக் காத்துக்கொள்ளத்தான் தள்ளினாள் என்று ஒட்டிலியை விட்டார்கள். அவளை அடித்துக் கழுத்தை நெரித்ததற்கு அவனுக்குத்தான் மூன்று மாதச் சிறை.

அதன்பின் மாதம் ஒருமுறை ரயிலேறி ஹெட்விக்கைப் பார்க்க வந்தாள். நாலாம் வருடம் ஒருநாள், திரும்பும்போது மேட்டு வண்டியில் ஃபிர்மன் ஏறினான், ஊன்றுகோலோடு. அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, மேலே போய்ச் சேரும்வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் எழுந்திருக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. அவன் இறங்கி நொண்டிக்கொண்டே போகும்வரை காத்திருந்தாள். பிறகு ஸ்டேஷன் சுவருக்குப் பின்னால் போய், ஹெட்விக் போட்ட சோற்றையெல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு பெர்ன் ரயிலில் ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த மாதமும் வந்தாள்.