கழுவும் பைப்பின் மேல் போட்ட பழி

சுவிஸில், வின்டர்தூரில் ஒரு சனிற்றேர் கொம்பனியில் முப்பது வருடம் குழாய் வேலை செய்தேன். எத்தனையோ கசிவுகள் மறந்துவிட்டன. ஜெனிற்றா வீட்டு விவகாரத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஆறு வீடுகள் உள்ள கட்டடம். நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பொய்லர். அங்கே உடுப்புத் தோய்க்கும் அறையில் சுடுதண்ணீரையும் குளிர்தண்ணீரையும் கலந்து விடும் மிக்ஸர் குழாயை எங்கள் கொம்பனி மாற்றியது. அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டிலும் சுடுதண்ணீர் இல்லை, வெதுவெதுப்போடு சரி.

கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் மாடித் தமிழ்க் குடும்பம் கழிவறையில் பூட்டியிருக்கும் கழுவுகிற பைப்தானாம். நிர்வாகத்துக்கும் எழுதிப்போட்டார். பைப்பைக் கழற்றாவிட்டால் வீட்டை விட்டு எழுப்புவோம் என்று அந்த வீட்டு ஜெனிற்றாவுக்குக் கடிதம் வந்தது. மூன்று வீடு மாறி, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அவளுக்குக் கிடைத்த வீடு அது.

முதலாளி என்னை அனுப்பினார். "உங்கட ஆக்கள்தானே, நீங்கள் சொன்னால் கேப்பினம்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். போய் வாசலில் நின்றபடியே சொன்னேன்: "தங்கச்சி, அந்தப் பைப்பைக் கழட்டி விடுங்கோ. பிரச்சினை முடிஞ்சிடும்."

"வடிவாப் பாத்திட்டோ சொல்லுறியள், அண்ணை?"

பார்க்கவில்லை. உள்ளே போய்க் கொமட்டுக்குப் பின்னால் குனிந்தேன். பைப், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குளிர்தண்ணீர் வால்விலிருந்து வந்தது. அந்த அறையில் சுடுதண்ணீர்க் குழாயே கிடையாது. இரண்டு கிழமையாக ஒரு குடும்பத்தை மிரட்டியவர்களில் ஒருவர்கூட முதுகை வளைக்கவில்லை.

கீழே போனேன். புது மிக்ஸரில் ஹவுஸ்வார்ட் ஒரு ஹோஸ் பூட்டி, நுனியில் அழுத்தினால் மட்டும் தண்ணீர் விடும் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு அடைப்பானும் போட்டிருந்தார். குழாயின் சுடுதண்ணீர், குளிர்தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்தபடி, நுனி மட்டும் அடைப்பு. வெளியேற வழியில்லாத குளிர்தண்ணீர் மிக்ஸருக்குள்ளால் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கும் ஒருவழி வால்வுகளை எங்கள் ஆள் போடாமல் விட்டிருந்தான். குழாயின் இரண்டு பக்கத்தையும் இறுக மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஜெனிற்றா மேலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணை, கை வைக்கேலாமல் சுடுது."

ஹவுஸ்வார்ட் "அப்பிடியோ" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. முதலாளி போனில் சொன்னார்: "ரப்போர்ட்டில மிக்ஸர் திருத்தினது எண்டு மட்டும் எழுதுங்கோ. எங்கட பிழையை நாங்களே ஏன் எழுதுவான்?"

வேலை அறிக்கையான அந்த ரப்போர்ட் ஒன்றுதான் அவளைக் காப்பாற்றக்கூடியது. எல்லாவற்றையும் எழுதினேன்: வால்வு போடாதது எங்கள் பிழை, ஹோஸ் ஹவுஸ்வார்ட்டுடையது, இரண்டாம் மாடிப் பைப்புக்குச் சுடுதண்ணீர் இணைப்பே இல்லை. பிரதியை ஜெனிற்றாவிடம் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் நிர்வாகம் பிறகு கடிதத்தைத் திரும்பப் பெற்றது. முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிரதியை வாங்கிய அன்று ஜெனிற்றா என் முன்னாலேயே நிதானமாக வாசித்தாள்.

"எல்லாற்ற பிழையும் எழுதியிருக்கிறியள். பாக்காமல் கழட்டச் சொன்னதை எழுதேல்லையே, அண்ணை?"

ரப்போர்ட்டில் அதற்கு இடமில்லை என்று சமாளித்துவிட்டு வந்தேன். இடம் இருந்தது. எழுத எனக்குத்தான் மனம் வரவில்லை. அதை இங்கே எழுதிவிட்டேன்.