மூன்றாவது கம்பிக்கு வராத சட்டம்

1912 ஆகஸ்டு 8, வியாழக்கிழமை. காலையில் ஆற்றில் குளித்து, ஜெபம் முடித்து, பழைய சோறும் துவையலும் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு வாரம் லீவில் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பியூன் தபால் பையைக் கொண்டுவந்து வைத்ததும், வழக்கம்போல் முதலில் கெஜட்டைப் பிரித்தேன்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு தாலுகா போர்டு ஆபீசில் எனக்கு அதுதான் வேலை. சென்னைச் சட்டசபையில் வருகிற மசோதாக்களில் எங்கள் போர்டைத் தொடுகிறது எதுவாக இருந்தாலும், அதைக் கத்தரித்து எடுத்து, குறிப்பெழுதி, மேலே அனுப்ப வேண்டும். இப்போது சேரும் இளம் குமாஸ்தாக்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் மூன்று கம்பிகள் மாட்டியிருந்தேன். மசோதா கெஜட்டில் பிரசுரமானால் அந்தத் துண்டு முதல் கம்பியில் குத்தப்படும். சட்டசபை நிறைவேற்றினால் இரண்டாவதற்கு மாறும். கவர்னர் ஜெனரலின் சம்மதம் கெஜட்டில் வந்த பிறகே மூன்றாவது கம்பி. அங்கே வந்த துண்டை மட்டுமே ஆபீஸ் சட்டப் புத்தகத்தில் பழைய செக்‌ஷன் மேல் ஒட்டலாம். பசையில் மயில்துத்தம் கலப்போம்; இல்லாவிட்டால் கரப்பான் சட்டத்தைத் தின்றுவிடும்.

அன்று கெஜட்டில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்தியபோது இரண்டாவது கம்பி காலியாக இருந்தது. நான் லீவில் போகும்போது அதில் ஒரு துண்டு இருந்தது: தனியார் வண்டிப்பேட்டைகள் இனிமேல் போர்டிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற திருத்தம்.

அதற்குள் வாசலில் சத்தம். பெரிய ரோட்டில் வண்டிப்பேட்டை வைத்திருந்த வேலம்மாள், பியூனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். புருஷன் இறந்த பிறகு அவள்தான் பேட்டையைப் பார்த்துக்கொண்டாள். பாபநாசத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் வருகிற வண்டிக்காரர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்ப்பார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"என்னய்யா இது? இன்னைக்குச் சாயங்காலத்தோட பேட்டைய அடைக்கணுமாம். உங்க ஆளு கதவுல நோட்டீச ஒட்டிட்டு, தமுக்கும் அடிச்சிட்டுப் போறான். நாளையில இருந்து எல்லா வண்டியும் போர்டு பேட்டைக்குத்தான் போகணும்னு சொல்லுதான். அங்கன ஒரு தொட்டித் தண்ணி உண்டா? மாடு என்ன, உங்க நோட்டீசையா குடிக்கும்?"

நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். வைஸ் பிரசிடெண்டு கையெழுத்து. அடியில் குறிப்பிட்டிருந்த செக்‌ஷன், என் கம்பியிலிருந்து காணாமல் போன துண்டு. ஹெட் கிளார்க் சங்கரநாராயண ஐயரிடம் போனேன். புத்தகம் எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குக் கண்டிப்பு அதிகம். நான் இல்லாத வாரத்தில் அவரே பசை காய்ச்சி, துண்டை ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தார்.

"நிறைவேறிட்டுதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான், ஓய். நிறைவேறினது சட்டம் இல்லேன்னா, பின்னே என்ன?"

"மசோதாதான் சார். சம்மதம் இன்னும் வரல்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒட்டியதை உரிக்க ஈரத்துணியை எடுத்துத் துண்டின் மேல் வைத்தார்.

ஆனால் அதோடு தீர்கிற விஷயமாக அது இல்லை. அந்தத் திருத்தத்தில் ஒரு உட்பிரிவு உண்டு. சட்டம் அமலுக்கு வருகிற நாளில் எந்தப் பேட்டை நடந்துகொண்டிருக்கிறதோ, அதற்குப் போர்டு லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். அன்றைக்கு மூடிக் கிடந்தால் புதிதாக மனுப் போட வேண்டும், போர்டு மறுக்கலாம். சம்மதம் அடுத்த வாரமே வரலாம். இன்று மூடினால் வேலம்மாள் பேட்டை மூடியதுதான்.

மத்தியானம் வைஸ் பிரசிடெண்டு வந்தார். ஊரில் பெயர்பெற்ற வக்கீல். போர்டு பேட்டை அவர் யோசனையில் கட்டியது. கட்டிய நாள் முதல் அங்கே வண்டிகள் அதிகம் வந்ததில்லை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"சம்மதம் இன்னைக்கு இல்லேன்னா அடுத்த மாசம் வரப்போவுது. அதுக்குள்ள அவ மூடினா நமக்கு நல்லதுதானே வே?"

நான் சொன்னேன்: "அவ முன்சீப் கோர்ட்டுக்குப் போனா, நோட்டீசு கொடுத்த தேதியில எந்தச் சட்டம் இருந்ததுன்னு கேப்பாங்க. எதைக் காட்டச் சொல்லுதீங்க?"

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். துண்டு உரித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. பழைய செக்‌ஷனை இரண்டு தடவை படித்தார். அதில் வண்டிப்பேட்டை என்ற சொல்லே இல்லை.

"எதிர்க்கட்சிக்கு நான் வக்கீலா இருந்தா, இந்த நோட்டீசை வச்சே ஒரு மச்சுவீடு கட்டியிருப்பேன்" என்றார். பேனாவை எடுத்து ரத்து உத்தரவைத் தம் கையாலேயே எழுதினார்.

உத்தரவை நானே கொண்டுபோனேன். பேட்டைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு வண்டிகூட இல்லை. தமுக்குச் சத்தத்துக்குப் பயந்து வண்டிக்காரர்கள் பொழுது சாயும் முன்பே பூட்டிக்கொண்டு போர்டு பேட்டைக்குப் போய்விட்டார்கள். வேலம்மாள், குடிக்க மாடில்லாத தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உத்தரவைப் படித்துக் காட்டினேன்.

"காகிதம் சரி. வண்டிக்கு யாரு சொல்லுவா? போலீசு பிடிக்கும்னுல்லா ஓடுதானுவ."

அவள் கேட்டது நியாயம். வண்டி நிற்காத இடத்தை நடக்கிற பேட்டை என்று எந்த அதிகாரி எழுதுவார்?

அன்றிரவு டயரியில் எழுதியதை இன்றும் மாற்ற மாட்டேன்: சட்டம் என்ன சொல்கிறது என்பது பாதி, எந்த நாளிலிருந்து சொல்கிறது என்பது மீதி. மசோதாவைப் பார்த்து ஆயத்தம் செய்யலாம், ஆணை போடக் கூடாது. தவறாகப் போட்ட ஆணை எவ்வளவு தூரம் கேட்டதோ, ரத்தும் அவ்வளவு தூரம் கேட்க வேண்டும். பின்னால் சம்மதம் வந்தபோது வேலம்மாளுக்கு லைசென்ஸ் எழுதியது நான்தான். அன்றைக்கு அது வருமா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை, ஆபீஸ் திறக்கும் முன்பே, தமுக்குக்காரனைக் கூட்டிக்கொண்டு போர்டு பேட்டைக்குப் போனேன். மாடுகள் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தன. நடுவில் நின்று அடிக்கச் சொன்னேன். வேலம்மாள் பேட்டை மேல் தடை இல்லை என்று போர்டின் பெயரால் அவன் கூவினான். வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க பேட்டையில நின்னுக்கிட்டு அங்கன போன்னு நீங்களே சொல்லுதீயளா?" என்றான் களக்காட்டுக்காரன் ஒருவன்.

"ஆமா" என்றேன்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பூட்டினான்.