கைப்பிடியின் உயரம்

நாடகங்களுக்கு மேடை அமைப்பது அவள் தொழில். அட்டையில் அரண்மனை, தெர்மாகோலில் மலை என்று எதையும் இரண்டே நாளில் எழுப்பி, அரை மணியில் பிரித்துவிடுவாள். குழுவில் எல்லோருக்கும் அவள் 'மேஸ்திரி'.

தங்கைக்குத் தையல் ஆலையில் வேலை. "அவன கட்டிக்கிட்டா என் முகத்துல முழிக்காத" என்று மேஸ்திரி கோபத்தில் சொன்னதைத் தங்கை அப்படியே காப்பாற்றினாள். இரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு அவளிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. மேஸ்திரி பெயரைப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்போது ஆலையின் மூன்றாம் மாடி எரிந்துகொண்டிருந்தது. துணி திருடுபோகிறது என்று படிக்கட்டுக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். தீ அணைந்தபோது, தங்கையோடு சேர்த்து இருபத்து மூன்று பெண்கள் அதன் பின்னால் கிடந்தார்கள்.

மூன்று மாதம் பட்டறை மூடிக் கிடந்தது. பிறகு மேஸ்திரி கதவுகள் செய்யத் தொடங்கினாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, திடலில், ஆளுக்கொரு கதவு. எதற்கும் பூட்டு கிடையாது. கைப்பிடி அந்தந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில். அதற்காக அளவு நாடாவோடு வீடு வீடாகப் போனாள்.

"எல்லாரும் வயசுதான் கேட்டாங்க. என் மக எவ்ளோ உயரம்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா," என்ற ஒரு தாய், எழுந்து தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். இன்னொரு வீட்டில், "செத்தவங்கள வச்சுக் கண்காட்சியா?" என்று முகத்தில் அறைந்தாற்போல் கேட்டார்கள். அந்தக் கதவை அவள் செய்யவில்லை.

கடைசியாகத் தங்கை வீடு. ஒற்றை அறை. தங்கை கணவன் வேன் ஓட்டுகிறவன்.

"உயரமா? உங்களுக்குத் தெரியாதாக்கா?" குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான்.

"நான் கடைசியா பாத்தப்ப..."

அவன் சுவரோரம் நின்று, தன் மோவாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

"இது வரைக்கும் வருவா. அன்னிக்கு எனக்கும் போன் பண்ணா. 'அக்கா எடுக்கல, வேலையா இருக்கும், கோவமா இருக்காதுல்ல'ன்னு கேட்டா. இருக்காதுடின்னு சொன்னேன்."

மேஸ்திரி நாடாவைப் பிடித்தாள். எண்கள் கலங்கித் தெரிந்தன. அவனே அளந்து சொன்னான்.

இருபத்திரண்டு கதவுகள் ஒன்பது நாள் நின்றன. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திறந்து கடந்து போனார்கள். அந்தத் தாய் தினமும் வந்து, மகளின் கதவை மட்டும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பக்கத்து ஆலைப் பெண்கள், படிக்கட்டுப் பூட்டை எடுக்காமல் மெஷினில் உட்கார மாட்டோம் என்று நின்றார்கள்; நிர்வாகம் பூட்டை எடுத்தது. பத்தாம் நாள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போனது. அதற்குள் மேஸ்திரி ஒரு கதவைத் தவிர மற்றவற்றைக் கடந்திருந்தாள்.

மறு வருஷம் தங்கை கணவன் பட்டறைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"வீட்ல பொண்ணு பாத்துட்டாங்கக்கா. உங்க தங்கச்சி வழியில சொல்றதுக்கு உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"நல்லா இரு தம்பி. வர்றேன்."

தங்கையின் கல்யாணத்துக்குப் போகாதவள், இதற்குப் போனாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். புதுப்பெண்ணின் கையைப் பிடித்து வாழ்த்தினாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். திரும்பும் பேருந்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் குனிந்து, "எங்கேம்மா எறங்கணும்?" என்றார்.