பெயர் வெட்டாத தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, நாம் வந்து குடியேறியிருக்கும் பென்டில் ஹில்லில், ஓர் இன்ஜினீயர் வீட்டில் சமத்துவத்தைப் பற்றிப் பேசினோம். பேசிவிட்டுச் சாப்பிட்டோம். கோளாறு சாப்பாட்டில்தான்!

இந்தியாவிலிருந்து வந்திருந்தவர் ஒரு ஹிந்தி எழுத்தாளர். அவர் அம்மா கையால் மலம் அள்ளியவர். இவர் அதைக் கதையாக எழுதி, அந்த வேலையையே ஒழிக்கப் போராடி, ஜெயிலுக்கும் போனவர். ஹாலில் உட்கார்ந்து இங்கிலீஷில் எல்லாம் சொன்னார். கை வலிக்கத் தட்டினோம்.

இன்ஜினீயர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அனுபவிச்சிருக்கேன் சார்! இங்க வந்த புதுசுல, என் தோலைப் பார்த்துட்டு, 'வீடு காலி இல்லை'ன்னு கதவைச் சாத்தினான் ஒரு வெள்ளைக்காரன்!"

இந்த வெள்ளைக்கார நாடு நம் நிறத்தவர்களுக்குக் கதவு திறந்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. அதனால் அதற்கும் கைதட்டல்.

பிறகு சாப்பாடு. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த எவர்சில்வர் தட்டுகள். எல்லாவற்றிலும் இன்ஜினீயர் மனைவியின் பெயர் வெட்டியிருக்கிறது. பரிமாற உதவலாமே என்று கிச்சனுக்குள் போனேன். அந்த அம்மாள் என் கையில் ஒரு பேப்பர் தட்டைத் திணித்தார்.

"அவருக்கு இதைக் கொடுத்துடுங்க. அப்புறம் தூக்கிப் போட்டுடலாம்."

"ஏங்க, எவர்சில்வர்தான் இவ்வளவு இருக்கே?"

"இருக்கு... பூஜைக்கும் அதைத்தானே எடுக்கிறோம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகவே தெரியும். வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்குத் தெரியாதா என்ன? கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லார் மடியிலும் எவர்சில்வர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பேப்பர் தட்டின் விளிம்பில் ஹிந்தியில் தன் பெயரை எழுதினார்.

"எல்லாத் தட்டிலும் பேர் இருக்கு. இதுல மட்டும் இல்லையே" என்றார் என்னிடம். அப்புறம் நிதானமாகச் சாப்பிட்டார். அந்த அம்மாள் தட்டை நுனி விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார்.

கிளம்பும்போது இன்ஜினீயர் ஒரு புது நோட்டை நீட்டினார். "சார், ஒரு ஆட்டோகிராஃப்! பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"போட்டாச்சே" என்றார் அவர், ஷூவை மாட்டிக்கொண்டே. "உங்க குப்பைத் தொட்டியில இருக்கு."

வெள்ளைக்காரனாவது வாசலிலேயே கதவைச் சாத்தினான். நாம் உள்ளே கூப்பிட்டு, மாலை போட்டு, கைதட்டி, அப்புறம் சாத்துகிறோம். த்தூ... வெட்கமாக இல்லை?

என்னை 'முற்போக்கு எழுத்தாளர்' என்று விளித்துக் கடிதம் போடும் வாசகர்கள் தயவுசெய்து அதை அடித்துவிடவும் — அந்தப் பேப்பர் தட்டை நீட்டிய கைதான் இதையும் எழுதுகிறது.